வாங்கும் விலை வேறு, குடிபோகும் விலை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வவுனியாவில் வைரவபுளியங்குளம், குருமன்காடு, தோணிக்கல் பக்கங்களிலும் கிளிநொச்சியில் ஏ9 வீதியோடு ஒட்டிய குடியிருப்புகளிலும் நாற்பது வயதைக் கடந்த வீடுகள் புது வீட்டு விலைக்குக் கைமாறுகின்றன. பள்ளிக்கூடம் கிட்ட, ஆஸ்பத்திரி கிட்ட, நல்ல அயல் என்று தரகர் அடுக்குவதில் பொய் இல்லை. ஆனால் அதெல்லாம் காணிக்கு உரிய பெறுமதி. காணியில் நிற்கிற கட்டடத்துக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம்; அந்தக் கட்டடம் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பவர் குறைவு. வெளிநாட்டுக் காசும் வங்கிக் கடனும் நகை அடகும் உறுதி முடிக்கிற அன்றே தீர்ந்துவிடுகின்றன. மிச்சக் கணக்கு முதல் மாரியில்தான் தெரியவருகிறது. அதை வாங்க முதலே போட்டுப் பார்க்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதே ஒழுங்கையில் வெறுங்காணி பரப்பு என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து, காணியின் பெறுமதியைத் தனியாக எழுதுங்கள். கேட்கிற விலையில் அதைக் கழித்தால் வருவதுதான் வீட்டுக்கு நீங்கள் கொடுக்கப்போகிற காசு. வங்கியின் விலைமதிப்பாளரும் கட்டடத்தின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்துத்தான் கணக்கிடுவார். அதனால் இரண்டு கோடி கேட்கிற வீட்டுக்கு வங்கி ஒன்றரைக் கோடி மதிப்புப் போட்டால், கடன் அந்த ஒன்றரைக் கோடியில் ஒரு வீதம்தான். மிச்சம் முழுவதும் கைக்காசு.

அதற்கு மேல் முத்திரைத் தீர்வை. விலையின் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். இரண்டு கோடிக்கு 7,99,000 ரூபா. நொத்தாரிசுக் கூலி, அளவையாளர் கூலி, தரகு எல்லாம் வேறு. தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுகிற பழக்கம் இருக்கிறது. பிறகு மறுமதிப்புச் செய்தால் மீதித் தீர்வை தேடிவரும். வழக்கென்று போனாலும் உறுதியில் எழுதிய விலைதான் பேசும்.

இனி வீட்டுக்கு வருவோம். 1970களிலும் 80களிலும் கட்டிய வீடுகள் பல கலிகட் ஓடு போட்டவை. ஓடு இலகுவில் கெடாது. கெடுவது அதைத் தாங்கும் மரம். வளைகள் பாலையிலோ முதிரையிலோ இருக்கும். கைமரமும் சிலாகையும் பெரும்பாலும் பனை. பனையின் வெளிப்பக்கம் வைரம், உள்ளே சோற்றி. வைரத்தில் மட்டும் அரிந்த கைமரம் நெடுங்காலம் நிற்கும். சோற்றி கலந்து அரிந்ததைக் கறையான் உள்ளால் தின்றுவிட்டு வெளித்தோலை மட்டும் விட்டுவைக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கறுப்பாக மினுங்கி, நல்ல மரம் போலவே தெரியும். ஏணி வைத்து ஏறி, கைமரம் சுவரில் குந்துகிற முனையில் ஒரு ஸ்குறூ டிறைவரை ஊன்றிப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தக் கைமரம் முடிந்தது. ஒழுகும் தண்ணீர் அந்த முனையில்தான் போய்த் தங்கும். கறையானும் சுவர் வழியே ஏறி முதலில் அங்கேதான் சேரும். ஆகவே நடுவில் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. சீலிங் அடித்த வீடென்றால் மூலையில் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால், கூரை முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கூரை மாற்றும் செலவை மதிப்பிட ஒரு கணக்கு: கலிகட் ஓடு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, 130 முதல் 150 வரை வேண்டும். தாழ்வாரத்தோடு 18 சதுரக் கூரைக்கு ஏறத்தாழ 2,500 ஓடு. உடைந்தவற்றை மட்டும் மாற்றுவோம் என்று போனால் இன்னொரு சிக்கல். ஒரு சூளையின் ஓட்டுப் பொருத்து இன்னொரு சூளையின் ஓட்டோடு சேராது. பொருந்தாத ஓட்டைச் செருகினால் அந்த வரிசை முழுவதும் ஒழுகும். பழைய வீடு இடிக்கிற இடங்களில் அதே முத்திரை ஓடு தேடி வாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் குரங்குத் தொல்லையும் சேர்ந்தால் இது வருடா வருடம் வருகிற செலவு. மரம் வாங்குவதென்றால் ஏற்றிவர அனுமதிப்பத்திரம் உள்ள இடத்தில் வாங்குங்கள்.

அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட கூரையில் செலவை விடச் சுகம்தான் முக்கியம். சீற் முழுதாக இருக்கும்வரை ஆபத்துக் குறைவு. உடைக்கும்போதும் அரியும்போதும் பாசி போகக் கம்பித் தூரிகையால் உரஞ்சும்போதும் கிளம்பும் தூசுதான் நுரையீரலுக்குள் போய்த் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வருவது. கழற்றுவதென்றால் நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, சீற்றை முழுதாக இறக்க வேண்டும். மேலிருந்து எறிந்து உடைக்கிற கூலியாளைக் கூப்பிடவே கூடாது. உடைந்த துண்டை நிலம் நிரப்பவும் பாவிக்கக் கூடாது.

சுவரில் ஈரம். வவுனியா நகரில் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், வேப்பங்குளம். குளக்கட்டுக்குக் கீழே உள்ள காணியில் மாரி முழுவதும் நிலத்தடி நீர் முழங்கால் ஆழத்துக்கு ஏறிவிடும். பழைய வீடுகளில் அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தடுப்புப் படை இராது, இருந்தாலும் வெடித்திருக்கும். ஈரம் சுவர் வழியே மூன்றடி வரை ஏறி, உப்பை வெளியே தள்ளும். பூச்சு பொருக்கு பொருக்காக உதிரும். விற்பவர்கள் இதை மறைக்கும் வழி இரண்டு: புதுப் பெயின்ற், அல்லது நாலடி உயரத்துக்குச் சுவரில் ரைல்ஸ். குசினியிலும் குளியலறையிலும் ரைல்ஸ் இருப்பது வழமை. விறாந்தையிலும் படுக்கை அறையிலும் நாலடிக்கு ரைல்ஸ் ஒட்டியிருந்தால் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஒட்டிய ரைல்ஸ் ஈரத்தை நிறுத்தாது. ஈரம் ரைல்ஸுக்கு மேலே ஐந்தாவது அடியில் வெளிவரும்.

இன்னும் ஒன்றைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் இணைப்பை ஓர் ஆணியால் கீறுங்கள். மண்ணாகக் கொட்டினால் அது சீமெந்துச் சாந்து இல்லை, களிமண் சாந்து. அந்தச் சுவரின் மேல் மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் அப்போதே கைவிட வேண்டும்.

குளத்தோடு சம்பந்தப்பட்ட இன்னொரு செலவு காசில் முடியாது. குளத்து நீர் நிற்கிற அலைகரைப் பக்கமாகவோ, நிரம்பிய குளம் வான் பாயும் வழியிலோ இருக்கிற காணி குளத்தின் ஒதுக்குப் பகுதிக்குள் வரலாம். வீடு நாற்பது வருடமாக நிற்கிறது என்பதால் அது சரியான காணி ஆகிவிடாது. பிரதேச செயலகத்திலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திலும் நில அளவைப்படத்தோடு போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

வெடிப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மயிரிழை வெடிப்பு பூச்சில் மட்டும் இருப்பது. அதைப் பொருட்படுத்த வேண்டாம். செங்கல் இணைப்பு வழியே படிக்கட்டுப் போல ஏறும் வெடிப்பு, யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பு, மேலே அகன்று கீழே ஒடுங்கும் வெடிப்பு ஆகியவை அத்திவாரம் அசைவதைக் காட்டும். வயலை நிரப்பிக் கட்டிய இடங்களிலும் களி மண்ணிலும் இது அதிகம். களி, மாரியில் ஊதி, ஆவணியில் சுருங்கும். அதனால் மார்கழியில் மூடியிருந்த வெடிப்பு ஆவணியில் விரல் நுழைகிற அளவு திறந்திருக்கும். வெடிப்புக்குக் குறுக்கே சாந்தினால் ஒரு பொட்டு வைத்துத் திகதியை எழுதிவிட்டால், பொட்டு வெடித்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள். வாங்குபவருக்கு அவ்வளவு காலம் இராது. பழைய வெடிப்பை அடைத்த இடத்தில் மறுபடி புது வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இதற்கு வேறொரு காரணமும் உண்டு, அதை வேறு மாவட்டத்து மேசனுக்குத் தெரியாது. பங்கர், அதாவது பதுங்குகுழி. யுத்த காலத்தில் முற்றத்திலும் கோடியிலும் வெட்டிய பங்கர்களைப் பனங்குற்றியாலும் சிலிப்பர் கட்டையாலும் மூடி மேலே மண் போட்டிருந்தார்கள். 2009 இற்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் பலர் குற்றியை எடுக்காமலே இடிபாட்டுக் கல்லைக் கொட்டி நிரவினார்கள். பிறகு வீட்டைப் பெருப்பித்தபோது குசினியோ கராஜோ அந்த இடத்தின் மேலே வந்துவிட்டது. உள்ளே குற்றி உக்கி மண் இறங்க, மேலே தரை தாழும். அடையாளம் இதுதான்: தரை ஒரு பள்ளமாக இறங்காமல், ஆறடிக்கு நாலடி போல நீள்சதுரமாக, ஓரம் வெடித்து இறங்கியிருக்கும். அந்த இடத்தைக் காலால் குத்தினால் சத்தம் வேறாகக் கேட்கும். சரி செய்வதென்றால் தரையை உடைத்து, உக்கிய மரத்தை முழுவதும் தோண்டி எடுத்து, கிறவலை ஆறு அங்குலப் படையாகப் போட்டு, நனைத்து இடித்து வர வேண்டும். மேலே சீமெந்து ஊற்றி மட்டம் செய்தால் பாரம்தான் கூடும், இறக்கம் நிற்காது. ஆனால் எதையும் தோண்டுமுன், அலவாங்கைக் கையில் எடுக்குமுன், அயலில் பழைய ஆட்களிடம் அங்கே என்ன இருந்தது என்று விசாரியுங்கள். மலகூடக் குழியோ கிணறோ புதிதாக வெட்டுவதற்கும் இதே விதி. வெடிபொருள் போல ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

கொங்கிறீற் தட்டுகளும் யன்னல் மேல் தட்டுகளும் உள்ள வீட்டில் ஒரு சிறிய சுத்தியல் போதும். அடியில் தட்டிக்கொண்டு போக, நல்ல இடத்தில் கணீரென்றும் கெட்ட இடத்தில் உள்ளே வெறுமையாக இருப்பது போலவும் கேட்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, கொங்கிறீற்றைத் தள்ளுவதால் வருவது அது. ஷெல் துண்டு பட்டு ஒட்டுப்போட்ட இடங்களில் இது விரைவாக வரும். ஒட்டினூடாகத் தண்ணீர் கம்பிக்குப் போய்விடும். துருவை உரசி எடுக்காமல் பூச்சு மட்டும் பூசினால் அடுத்த மாரிக்கு மறுபடி விழும்.

பழைய கதவு, யன்னல்களின் எனாமல் பூச்சைச் சுரண்டுவதிலும் கவனம் வேண்டும். எனாமல் பூச்சில் ஈயத்துக்கு எல்லை விதித்த கட்டளை 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை உலர உரஞ்சினால் தூசு குழந்தைகளுக்கு நஞ்சு. நனைத்து உரஞ்சி, கழிவைக் கூட்டி அள்ளிவிடுங்கள்.

மின்சாரம். உருண்டை முள் பிளக், மரப் பலகையில் பியூஸ் கட்டை, சுவரின் மேலால் ஓடும் மரப்பட்டி வயரிங் என்று கண்டால் முழுவதும் மாற்றுகிற செலவை எழுதிக்கொள்ளுங்கள். ஒட்டுப்போட வேண்டாம். லைற்றுக்கு 1.0, பிளக்குக்கு 2.5, ஏசிக்குத் தனியாக 4 சதுர மில்லிமீற்றர் வயர். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் கட்டாயம். ஏர்த்தை மாரியில் அளந்து திருப்திப்படக் கூடாது. எங்கள் நிலம் ஆவணியில் காய்ந்து கல்லாகும்போது அதே ஏர்த் கம்பி வேலை செய்யாது. கோடையில் அளந்து, தேவையானால் இரண்டாவது கம்பி இறக்க வேண்டும்.

“நல்ல தண்ணீர்” என்று ஒவ்வொரு விளம்பரத்திலும் வருகிறது. வன்னியில் அதை வாயில் வைத்துப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. புளோரைட்டுக்குச் சுவையில்லை. இலங்கை நியமப்படி குடிநீரில் அது லீற்றருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கடினத்தன்மை 250. நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் காசு கட்டிப் பரிசோதிக்கலாம். கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கூடுதலாக இருந்தால் நீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் வேண்டும். அதன் வடிகட்டியை வருடா வருடம் மாற்றும் செலவையும், வெளியே விடும் கழிவு நீரையும் கணக்கில் சேருங்கள். பழைய இரும்புக் குழாய்களுக்குள் கடின நீரின் சுண்ணம் படிந்து, முக்கால் அங்குலக் குழாயில் பென்சில் போகிற துளைதான் மிஞ்சியிருக்கும். குளியலறையில் இரண்டு பைப்பை ஒன்றாகத் திறந்து பாருங்கள். ஒன்றின் தண்ணீர் குறைந்தால் குழாய் மாற்ற வேண்டும். சுவரை உடைத்துத்தான் மாற்ற முடியும்.

கிணற்றின் ஊற்றை அளப்பதும் இலகு. எட்டடி விட்டமுள்ள கிணற்றில் ஓர் அடித் தண்ணீர் ஏறத்தாழ 1,400 லீற்றர். பம்பால் நாலடி இறைத்துவிட்டு நிறுத்தி, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று பாருங்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு நாளுக்கு 750 லீற்றர் என்றாலும் ஒரு நாளில் அரை அடிக்கு மேல் ஏற வேண்டும். மரக்கறித் தோட்டம் இருந்தால் இன்னும் கூட. இதை மாரியில் செய்து பிரயோசனமில்லை, ஆவணி புரட்டாதியில் செய்ய வேண்டும். கூரை, சுவர், வெள்ளம் மூன்றையும் கார்த்திகையில் பார்க்க வேண்டும். இரண்டு காலத்திலும் ஒருமுறை போய்ப் பார்க்காமல் வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே ஆகக் குறைந்தது 50 அடி இருக்கிறதா என்று நாடா பிடியுங்கள். உங்கள் குழியை மட்டும் பார்த்தால் போதாது. மதிலுக்கு அப்பால் அயல் வீட்டுக் குழி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். கால் ஏக்கரைப் பிரித்துப் பிரித்து விற்ற ஒழுங்கைகளில் பிழை நடப்பது அங்கேதான்.

காணிப் பத்திரங்கள் பற்றிச் சுருக்கமாக. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணியைப் பிரதேச செயலகத்தின் சம்மதமில்லாமல் விற்க முடியாது. வெறும் தாளில் எழுதிக் கைமாறிய பெர்மிற் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அது உங்களுடையதாகாது. உறுதிக் காணியென்றால் காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவைப் பார்ப்பிக்க வேண்டும். காணி தன்னுடையது என்று ஒருவர் தானே அறிவித்து எழுதிய வெளிப்படுத்தல் உறுதி மட்டும் இருந்தால், அதற்கு முன்னால் காணி யாருடையது என்று கேட்க வேண்டும். வீடு தேடிய தேட்டமாக, அதாவது திருமணத்தின் பின் சம்பாதித்த சொத்தாக இருந்து, கணவனோ மனைவியோ இறந்துவிட்டால், இறந்தவரின் பங்கில் பிள்ளைகளுக்கும் உரித்து வரும். வயது வராத பிள்ளை இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்குட்பட்ட பங்குக் காணியில் பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் முன்கொள்வனவு உரிமை, அதாவது பிறருக்கு முன் வாங்கும் உரிமை உண்டு. வெளிநாட்டிலுள்ளவர் தன் சார்பில் விற்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் மூலம் விற்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை உறுதி முடிக்கிற அன்றே உறுதிப்படுத்துங்கள். தந்தவர் இறந்தால் தத்துவம் செல்லாது. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து, இலங்கைக் குடியுரிமையை மீளப் பெறாதவர் காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. அதனால் அப்படியானவர் காசு கொடுத்துத் தங்கையின் பெயரில் எழுதுவித்த வீடு சட்டப்படி தங்கையின் வீடு.

வீதி எல்லைச் சான்றிதழை எடுக்காமல் ஒருவரும் வாங்கக் கூடாது. பழைய வீடு வீதிக்கு நெருங்கி நிற்கும். நிற்கும்வரை பிரச்சினை இல்லை. இடித்துக் கட்டப் போனால் புது எல்லைக்குப் பின்னால்தான் அனுமதி. ஒன்றரைப் பரப்புக் காணியில் முன்னுக்குப் பத்தடி போனால் வீட்டுப் படமே மாறிவிடும். அனுமதியில்லாமல் சேர்த்த அறைகளும் மேல்மாடியும் கடன் கேட்கும்போது வெளிவரும். சோலைவரி நிலுவையையும் மின் பட்டியலையும் விற்பவரே தீர்த்துத் தரவேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதியதாக இருக்க வேண்டும். 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாளில் எழுதிய காணி விற்பனை உடன்படிக்கை செல்லாது. இருந்தும் பத்து இருபது இலட்சம் அச்சாரம் இன்றைக்கும் அப்படித்தான் கைமாறுகிறது.

பள்ளிக்கூடத்தில் முதலாம் தர அனுமதிக்காக விலையைப் பாராமல் வாங்குகிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உறுதி கையில் இருந்தால் மட்டும் போதாது. முந்திய வருடங்களின் வாக்காளர் இடாப்புப் பதிவுக்கும் உறுதியின் வயதுக்கும் புள்ளி உண்டு. பிள்ளைக்கு நாலு வயதில் வாங்கிய வீடு அந்தப் பிள்ளைக்குப் பெரிதாக உதவாது.

இதையெல்லாம் ஒரு குடும்பம் தனியாகச் செய்வது பாரம் என்று தெரியும். ஒரு மேசன், ஓர் ஓடாவி, ஒரு வயர்மன் மூவரையும் ஒருநாட் கூலி கொடுத்துக் கூட்டிப் போனால் பெரும்பகுதி முடிந்துவிடும். அவர்கள் சொல்லும் செலவையெல்லாம் கூட்டி, மேலே பிரித்து வைத்த வீட்டு விலையிலிருந்து கழியுங்கள். கழித்து வருகிற தொகைக்கு மேலே ஒரு ரூபாவும் பேச வேண்டாம்.

கடைசியாக, அதிகாரத்தில் உள்ளவர்களிடம் இரண்டு கோரிக்கைகள். வவுனியா மாநகர சபையும் கரைச்சிப் பிரதேச சபையும், வாங்க விரும்புபவர் கட்டணம் செலுத்திக் கேட்டால், அந்தக் காணிக்கு அனுமதித்த வீட்டுப் படத்தின் பிரதியையும் வீதி எல்லை விபரத்தையும் ஒரே கருமபீடத்தில் ஒரு கிழமைக்குள் கொடுக்க ஒழுங்கு செய்ய வேண்டும். அடுத்தது வங்கிகளுக்கு: விலைமதிப்பாளரின் கூலியைக் கட்டுவது கடன் கேட்பவர். வீட்டின் பழுதெல்லாம் எழுதியிருக்கிற அந்த அறிக்கை பல வேளைகளில் வங்கிக் கோப்புக்குள்ளேயே இருந்துவிடுகிறது. உறுதி முடிப்பதற்கு முன் அதன் பிரதியைக் காசு கட்டியவர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கட்டட வேலைத்துறையிலுள்ள வாசகர்,
நெளுக்குளம், வவுனியா.